தண்ணீர் எட்டாத இடம்

என் கணவர் இறந்த பிறகு வந்த முதல் மழைக்காலத்தில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஓடையில் எங்கள் கார் நின்றுபோனது. சரியாக நடு ஓடையில். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து செருப்பை நனைத்தது. சில்லென்று இருக்கிறது என்று தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில் எனக்கு எதிலுமே ஒன்றும் தோன்றாது. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஈறில் ஊசி போடுவார்கள். மருந்து ஏறியதும் உதடு தடித்து, நம்முடையது இல்லை என்பதுபோல் ஆகிவிடும். தொட்டால் தொடுவது தெரியும், வலி தெரியாது. நான் மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். அந்த மருந்துக் குப்பிகளை அலமாரியில் அடுக்கி வைப்பவளே நான்தான். உடம்பு முழுவதும் அதை ஏற்றிவிட்டது போலத்தான் இருந்தேன். காரியத்துக்கு வந்தவர்கள் நான் அழவில்லை என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அழவேண்டும் என்று எனக்கும் தெரிந்துதான் இருந்தது. வரவில்லை. லீவு முடிந்ததும் வேலைக்குப் போனேன். மாத்திரை எண்ணிக் கொடுத்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் இது, பின்னால் இது என்று சொன்னேன்.

என் கணவர் சொட்டுநீர்க் குழாய் விற்கிற இடத்தில் வேலை பார்த்தார். கரும்புக் கொல்லைகளுக்குப் போய் அளவெடுத்து வருவதுதான் வேலை. மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு கொல்லையைப் பார்த்துவிட்டு, மதியம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். டீக்கடைக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்றிருந்த காரை, அவருடைய சிநேகிதர் போய் எடுத்துவந்து கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினார். சாவியை என் கையில் கொடுக்கவும் முடியாமல், கொடுக்காமல் இருக்கவும் முடியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு டிவி மேல் வைத்துவிட்டுப் போனார்.

அந்தச் சிநேகிதர் தியாகதுருகத்தில் மெக்கானிக் பட்டறை வைத்திருப்பவர். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக இருந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் கணவர் அங்கேதான் கிடப்பார். பழைய பெட்ரோல் கார் அது. அதை அவர்கள் இருவரும் கழற்றுவார்கள், மாட்டுவார்கள், மறுபடி கழற்றுவார்கள். இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் அவர் தலையில் புதிதாக ஓர் எண்ணம் ஏறியிருந்தது. போனட்டுக்குள் இருக்கிற காற்று இன்ஜின் சூட்டில் வெந்து போய்விடுகிறதாம். அந்தக் காற்றை இழுத்தால் வண்டிக்கு மலை ஏறத் தெம்பு இருக்காதாம். வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இழுக்கவேண்டுமாம். அதற்காகக் கம்பெனியில் கொடுத்த ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றிப்போட்டுவிட்டு, ஒரு நீளக் குழாயை வளைத்துக் கீழே இறக்கி, அதன் நுனியில் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரை மாட்டி, முன் பம்பருக்குப் பின்னால் தொங்கவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் என்னை உட்காரவைத்து கச்சிராயபாளையம் வரை ஓட்டிக் காட்டினார். தெம்பு கூடியதா என்று எனக்குத் தெரியவில்லை. சத்தம் கூடியிருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால், பெரிய மிருகம் ஏதோ மூச்சை உள்ளே இழுப்பதுபோல் உஸ்ஸென்று ஒரு சத்தம். அவருக்கு அந்தச் சத்தம்தான் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

மாமியாருக்கு அந்தச் சத்தம் உடனே பழகிவிட்டது. தெருமுனையில் அது கேட்டதும் எழுந்து போய் கேட்டைத் திறந்துவிடுவார். என் கணவர் போன பிறகு காரை நான் எடுத்தேன். மலைக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க விடியற்காலையிலேயே கிளம்பவேண்டியிருந்தது, வண்டி சும்மா நிற்கிறது, எனக்கு ஓட்டத் தெரியும், அவ்வளவுதான் காரணம். முதல் நாள் நான் தெருமுனையில் திரும்பியபோதே கேட் திறந்திருந்தது. அத்தை கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். கார் உள்ளே வந்ததும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

“நீயா,” என்றார். உள்ளே போய் டீ வைத்தார்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். நான்தான் வருவேன் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் கேட் திறந்திருக்கும், அவர் நிற்பார். “நீயா” என்று கேட்பதை மட்டும் விட்டுவிட்டார்.

ஓடையில் வண்டி நின்ற அன்று, வெள்ளிமலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். போகும்போது தரைப்பாலத்தின்மேல் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. திரும்புவதற்குள் மேலே எங்கேயோ பெய்திருந்தது. தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. எனக்கு முன்னால் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் அதில் இறங்கி ஏறிப் போயிற்று. அதன் சக்கரம் பாதிதான் முழுகியது. நானும் முதல் கியரில் மெதுவாக இறங்கினேன். பாதி தூரம் போனதும் இன்ஜின் ஒரு வெட்டு வெட்டி நின்றுவிட்டது. இருமல் இல்லை, உதறல் இல்லை. ஒரு வெட்டு, அப்புறம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

வண்டி நின்றுவிட்டால் யாராக இருந்தாலும் உடனே சாவியைத் திருப்புவார்கள். கை தானாகப் போகும். என் கை போகவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அக்கரையில் ஏறிய ஜீப் நின்று, டிரைவர் இறங்கிக் கத்தியதுகூட எனக்காக இல்லை, வேறு யாருக்கோ என்றுதான் பட்டது. அவரும் ஜீப்பில் இருந்த ஆட்களும் தண்ணீரில் இறங்கி வந்து வண்டியைத் தள்ளிக் கரையேற்றினார்கள். நான் இறங்கவில்லை. உள்ளேயே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

“ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா டாக்டரம்மா?” என்று ஜீப் டிரைவர் கேட்டார். மலையில் சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிற எல்லோருமே டாக்டரம்மாதான். இல்லை என்றேன். நல்லதாப் போச்சு, பண்ணாதீங்க, இன்ஜின் தண்ணி குடிச்சிருக்கும் என்றார். கயிறு இருக்கிற வண்டியைக் கீழே இருந்து அனுப்பச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பட்டறைச் சிநேகிதருக்குப் போன் செய்தேன். அந்த இடத்தில் ஒரு பாறை மேல் ஏறினால்தான் டவர் கிடைத்தது.

ஓடைக்குப் பக்கத்திலேயே சாமைக் கொல்லை. களை பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அவர் வீட்டில் உட்காரவைத்தார். என் புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. என் வயதுதான் இருக்கும் அவருக்கும். கேட்காமலே ஒரு புடவையை எடுத்துக் கொடுத்தார். பச்சையில் சின்னச் சின்னப் பூ போட்டது. மாற்றிக்கொண்டு வந்தேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கடுங்காப்பி கொடுத்தார்.

“வூட்டுக்காரருக்குப் போன் போட்டியாம்மா?”

“அவரு இல்ல,” என்றேன்.

ஊரில் இல்லை என்று எடுத்துக்கொண்டார். “வந்ததும் சொல்லு. இந்த வண்டி தரையோட தரையா கீது. மலைக்கு ஆவாதுன்னு சொல்லு,” என்றார். சரி என்று தலையாட்டினேன். விளக்கிச் சொன்னால் அவர் முகம் மாறும், என்னைப் பார்ப்பார், அதற்கு நான் ஏதாவது செய்யவேண்டும். காப்பியைக் குடித்தேன். சர்க்கரை ஜாஸ்தியாக இருந்தது.

அன்று இருட்டுவதற்குள் ஒரு லோடு வண்டி வந்து காரை இழுத்துக்கொண்டு இறங்கியது. மறுநாள் பட்டறைக்குப் போனேன்.

சிநேகிதர் போனட்டைத் திறந்துவைத்து எனக்காகக் காத்திருந்தார். பம்பரைக் கழற்றி அந்தக் கூம்பு ஃபில்டரை எடுத்துப் பிழிந்தார். துணியைப் பிழிகிற மாதிரி தண்ணீர் வந்தது. குழாய்க்குள் கையை விட்டால் மணல். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் சுற்றினார். பிளக் இருந்த ஓட்டைகளிலிருந்து செந்தண்ணீர் பீச்சியடித்து அவர் சட்டையெல்லாம் தெறித்தது. நிறுத்தி, காதை வைத்துக் கேட்டு, மறுபடி சுற்றினார். தடங்கல் இல்லாமல் சுற்றியது.

“பிஸ்டன் ராடு எதுவும் வளையல அண்ணி. நீங்க மட்டும் சாவியத் திருப்பியிருந்தீங்க, இன்ஜின் பூட்டிருக்கும். தண்ணிய அமுக்க முடியாது இல்லையா, ராடு தான் வளையும். கரெக்டா யோசிச்சிருக்கீங்க.”

நான் ஒன்றும் யோசிக்கவில்லை என்று சொல்லவில்லை. ஜீப்பின் சக்கரம் பாதிதானே முழுகியது, அவ்வளவு தண்ணீரில் எப்படி உள்ளே போயிற்று என்று கேட்டேன். வண்டி முன்னால் போகப் போக பம்பர் தண்ணீரைத் தள்ளும், பம்பருக்கு முன்னால் தண்ணீர் மேடு கட்டிக்கொண்டு நிற்கும், ஓடையில் இருக்கிற அளவைவிட அங்கே உயரம் என்றார். ஃபில்டர் தொங்கியது அந்த மேட்டுக்குள்ளே. அது முழுகினால் காற்றுக்குப் பதில் தண்ணீரைத்தான் இழுக்கும். துணி உறை ஒன்று விற்கிறார்கள், அதை மாட்டினால் சாரல் தாங்கும், முழுகினால் தாங்காது.

பிழிந்த ஃபில்டரைக் கீழே வைத்தார். பிறகு, மாட்டும்போதே இதைப் பேசினோம் அண்ணி என்றார். மழைக்கு இது சரிவராது என்று சிநேகிதர் சொல்லியிருக்கிறார். வெயில் காலம் முழுக்க இப்படி ஓட்டுவோம், மழை தொடங்குவதற்கு முன்னால் ரெண்டு பேரும் உட்கார்ந்து மேலே ஏற்றிவிடலாம் என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். அப்படித்தான் முடிவு செய்து வைத்திருந்தார்கள். “மழ வந்துச்சு, அவன் இல்ல. எனக்கு இது நெனப்பே வரல அண்ணி,” என்றார். போனட் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். பெரிய உடம்பு அவருக்கு. தோள் குலுங்கியது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறுதல் சொல்லவேண்டியவள் நான்தான் என்று பட்டது. பக்கத்தில் கிடந்த வேஸ்ட் துணியை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதில் முகத்தைத் துடைத்தார். முகமெல்லாம் கிரீஸ்.

அதற்கப்புறம் ஃபில்டரை எங்கே வைப்பது என்று பார்க்க ஆரம்பித்தோம். பழைய டப்பா இல்லை, பழைய இரும்புக்காரனுக்குப் போயிருந்தது. கிடைக்கிற வரைக்கும் காத்திருக்கலாம், இல்லையென்றால் மேலே இடம் செய்யலாம் என்றார். கார்க் கதவின் உள்பக்கத்தில் ஓடைச் சேறு ஒரு கோடாகக் காய்ந்திருந்தது. நான் டேப்பை வாங்கி அந்தக் கோட்டின் உயரத்தை அளந்தேன். பிறகு முன்பக்கம் போய் அதே உயரத்தைச் சாக்குக்கட்டியால் குறித்தேன். ஃபில்டர் தொங்கிய இடம் கோட்டுக்கு வெகு கீழே இருந்தது. அவர் முதலில் காட்டிய இடம், பனி விளக்குக்கு மேலே, கோட்டை ஒட்டி இருந்தது. அங்கே வேண்டாம் என்றேன். கடைசியில் ஹெட்லைட்டுக்குப் பின்னால், பேட்டரிக்குப் பக்கத்தில், போனட்டை மூடினால் இடிக்காத உயரத்தில் ஓர் இடம் கிடைத்தது.

அங்கே இன்ஜின் சூடு அடிக்கும். அதற்காகத் தகரத்தை வளைத்து ஒரு பெட்டி செய்து, ஃபில்டரை அதற்குள் வைத்தார். காற்று வரும் வாயை ஹெட்லைட் ஓரத்தில் முன்பக்கமாகத் திறந்துவிட்டார். நன்றாகத்தான் இருந்தது. வண்டி கழுவுகிற ஹோஸை எடுத்து முன்னாலிருந்தும் போனட் மேலும் அடித்துப் பார்த்தோம். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஈரம். முன்னாலிருந்து அடித்தது வாய் வழியாக வந்திருந்தது. போனட் விளிம்பிலிருந்து ஒழுகியதும் பெட்டியின் அடியில் குட்டையாகத் தேங்கியிருந்தது. அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

எங்கள் மருந்து அறையின் கூரை மழைக்கு ஒழுகும். அதனால் பெட்டிகளைத் தரையிலும் வைக்கமாட்டோம், சுவரோடும் ஒட்டமாட்டோம். தண்ணீர் வரத்தான் வரும், வந்தது நிற்காமல் போகவேண்டும், அவ்வளவுதான். வாயைப் பின்பக்கம் சக்கர மறைப்பைப் பார்த்துத் திருப்பிவிடலாமா, பெட்டியின் அடியில் ஓட்டை போட்டு ஃபில்டரை அதைத் தொடாமல் தூக்கி வைக்கலாமா என்று கேட்டேன். வாயைத் திருப்பினால் காற்று கம்மியாகுமே என்று அவர் தயங்கினார். ஆகட்டும் என்றேன். பெட்டிக்கு மூடியும் போட்டோம். மறுபடி ஹோஸ் அடித்தபோது உள்ளே ஒரு சொட்டுகூட இல்லை. அன்று மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவ்வளவு நேரம் வேறு எதுவும் மனதில் இல்லாமல் இருந்திருக்கிறேன்.

“ஒண்ணு சொல்லணும் அண்ணி,” என்றார் அவர். “பெட்டிக்குள்ள போயிட்டதால சத்தம் வராது. அவனுக்குப் புடிச்ச சத்தம்.”

அன்று வண்டியை எடுக்கவில்லை. ஆயில் மாற்றி ஒரு நாள் ஓடவிட்டுப் பார்க்கவேண்டும் என்றார். பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். கேட் மூடியிருந்தது. அத்தை உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் உரித்தேன். ஃபில்டரை மேலே வைத்துவிட்டோம் என்று சொன்னேன். அந்தச் சத்தம் இனிமேல் வராது என்பதையும் சொன்னேன். வேண்டுமென்றால் மழை முடிந்ததும் பழையபடி கீழே இறக்கிவிடலாம், இறக்குவது சுலபம்தான் என்றேன்.

அவர் உரிப்பதை நிறுத்தவில்லை.

“வராட்டி போவுது,” என்றார். “அது கேட்டா எங்கால் எயிந்து போவுது. நான் போவல, கால் போவுது. போயி நின்னா நீ வர. உன் மேல கோவம் வருது. நீ இன்னா பண்ணுவ.” தோலை முறத்தில் தள்ளினார். “மேலயே இருக்கட்டும்.”

வெங்காயத்துக்குக் கண் எரிந்தது. இருவருமே துடைத்துக்கொண்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மலைக்குக் கிளம்பும்போது, தானும் வருவதாக அத்தை சொன்னார். மகன் போன பிறகு அந்தக் காரில் ஏறாதவர். பச்சைப் புடவையைத் துவைத்து மடித்து, கூடவே ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கி வைத்திருந்தேன். கச்சிராயபாளையம் தாண்டும்போதே தூறல். வளைவுகளில் வண்டி முன்பைவிடக் கொஞ்சம் மந்தமாக ஏறியதுபோல் எனக்குப் பட்டது. இரண்டாவது கியரில் ஏறினேன். சத்தம் சாதாரண கார் சத்தமாக இருந்தது.

ஓடையில் அன்றைக்கும் தண்ணீர் போனது. வண்டி நின்ற அன்று இருந்த அளவு இல்லை, இருந்தாலும் தரைப்பாலத்தின் விளிம்புக் கல் தெரியவில்லை. நான் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்த்தேன். பாதிச் சக்கரத்துக்கும் கீழேதான். ஏறி உட்கார்ந்து முதல் கியரில் இறங்கினேன். அத்தை டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். பம்பருக்கு முன்னால் தண்ணீர் மேடாக எழுந்து இரண்டு பக்கமும் ஒதுங்குவது தெரிந்தது. கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை. வண்டி ஏறிவிட்டது. மேலே நிறுத்தி, போனட்டைத் தூக்கி, பெட்டியைத் திறந்து ஃபில்டரைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. புழுதிகூட ஒட்டவில்லை. அத்தையும் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். இதுக்குத்தானா இவ்ளோ என்றார்.

அந்த அம்மாள் வீட்டில் இருந்தார். புடவையை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிப் பிறகு வாங்கிக்கொண்டார். அத்தையைப் பார்த்து மாமியாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“மருமவ உம் புள்ளைகிட்ட சொல்லிச்சா வண்டியப் பத்தி? இன்னா சொன்னாரு?” என்று அத்தையிடம் கேட்டார்.

நான் அத்தையைப் பார்த்தேன். அவர் வாழைப்பழச் சீப்பை இன்னும் கையில்தான் வைத்திருந்தார்.

“அவன் பூட்டாம்மா,” என்றார். “சித்திரைல.”

காரியத்துக்கு வந்தவர்கள் முன்னால்கூட அவர் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே, யாரிடம் சொல்வது. அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி ஒரு நொடி பார்த்தார். அவரு இல்ல என்று நான் சொன்னது அவருக்கு இப்போது புரிந்திருக்கவேண்டும். பழத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, அத்தை பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். தன் பெரிய பையன் ஆந்திரா பக்கம் வேலைக்குப் போய் இரண்டு வருஷமாக வராததைப்பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் அத்தையும் ஏதோ சொன்னார். தன் மகன் சின்ன வயதில் தண்ணீரைக் கண்டால் அழுவான் என்று. எனக்கு அது தெரியாது. நான் வாசலில் நின்றேன். மழை விட்டிருந்தது. சாமைக் கொல்லையில் ஈரம் மினுங்கியது. பார்த்தேன். அழகாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். அழகு எட்டவில்லை.

திரும்பும்போது ஓடையில் தண்ணீர் குறைந்திருந்தது. வளைவுகளில் இறங்கத் தொடங்கியதுமே அத்தை தூங்கிவிட்டார். வாயைத் திறந்து, தலை ஜன்னலில் இடிக்க இடிக்கத் தூங்கினார். இரவில் அவர் தூங்குவதே இல்லை என்பது பக்கத்து அறையிலிருக்கிற எனக்குத் தெரியும். கோமுகி அணைக்குக் கிட்டே வந்ததும் ஓரமாக ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். அவர் தலைக்கு என் துண்டைச் சுருட்டி வைத்தேன்.

நெடுநேரம் அங்கேயே இருந்தோம். பஸ் ஒன்று போயிற்று. கரும்பு ஏற்றிய டிராக்டர் போயிற்று. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததில் என் வலது தோள் விண்ணென்று வலித்தது. அந்த வலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு பசித்தது.